ஒரு வாக்கு இயந்திரத்தின் மேல் எத்தனை அலுவலகங்களின் கையெழுத்து? பரவூர் 1982 முதல் இன்று வரை

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியில் இருந்தேன். ஏப்ரல் 18 அன்று கருவிகளை வாங்கிக்கொண்டு சாவடிக்குப் போய், எல்லாவற்றையும் மேசையில் பரப்பிச் சரிபார்த்தபோது தோன்றிய கேள்விதான் இது.

வாக்குகளைப் பதிந்து வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவியில் இளஞ்சிவப்பு முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. அது நாசிக்கில் உள்ள அரசுப் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சான தாள். அதன் மேல் கருவி செய்த நிறுவனத்துப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்தும், கட்சிக்காரர்கள் இரண்டு பேரின் கையெழுத்தும். பெட்டியில் கட்டியிருந்த அட்டையில் தேர்தல் நடத்தும் அலுவலரின் முத்திரை. விரல் மை மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் செய்தது. பெட்டியை இறக்கி வைத்தவர் கிராம உதவியாளர், வாசலில் நின்றவர் போலீஸ்காரர், நான் கல்வித்துறை, என்னோடு இருந்த இன்னொருவர் கூட்டுறவுத் துறை. மாலை வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்துக்கும் மேல் வந்தது.

பயிற்சி வகுப்பில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இத்தனை துறைகளையும் ஒன்று சேர்த்தது யார், இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஹேக் செய்ய முடியுமா முடியாதா என்ற சண்டை எல்லா இடத்திலும் நடக்கிறது, இங்கே அதை மட்டும் திரும்பப் பேச வேண்டாம். துறைகள் சேர்ந்த கதை தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

நல்ல கேள்வி, டீச்சர். நான் மதுரைக் கிளையில் வழக்காடுகிறவன். இந்தக் கதையை, துறைகள் சேராமல் போன இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1977இல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ்.எல். சக்தர், வாக்குப்பதிவுக்கு மின்னணுக் கருவி வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். ஐதராபாத்தில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், அதாவது ஈசிஐஎல், 1979இல் முன்மாதிரி செய்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று கட்சிகளைக் கூப்பிட்டு ஆணையம் செய்து காட்டியது. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அடுத்த படி சட்டம். இந்தக் கருவியைப் பயன்படுத்த ஆணையம் மத்திய அரசின் ஒப்புதலைக் கேட்டது. அரசு மறுத்துவிட்டது. ஆணையம் நிற்கவில்லை. அரசமைப்புச் சட்டம் 324ஆவது பிரிவு தனக்கு அதிகாரம் தருகிறது என்று சொல்லி, 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 84 சாவடிகளில் 50இல் கருவியை வைத்து வாக்குப்பதிவை நடத்தியது. மற்ற 34இலும் பழைய வாக்குச்சீட்டு.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்கில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984 மார்ச் 5 அன்று தீர்ப்பு. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் 324ஐக் கொண்டு ஆணையம் இட்டு நிரப்பலாம். சட்டமும் விதியும் ஒரு முறையைச் சொல்லியிருக்கும்போது அதை மீற முடியாது. விதியில் உள்ள ‘பேலட்’ என்பது காகிதச் சீட்டு, இயந்திரம் அல்ல. இதுதான் சாரம். அந்த 50 சாவடிகளுக்கும் 1984 மே 22இல் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு. ஜோஸ் ஜெயித்தார்.

கவனித்துப் பாருங்கள். கருவி தப்பாக எண்ணியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கருவிக்குச் சட்டத்தில் இடமில்லை என்றுதான் சொன்னது. பொறியாளர் வேலை முடித்துவிட்டார், ஆணையம் முடித்துவிட்டது, நாடாளுமன்றம் தன் வேலையைத் தொடங்கவே இல்லை. 50 சாவடி மக்கள் இரண்டு வருடம் கழித்து மறுபடி வரிசையில் நின்றார்கள்.

---

கொச்சி முருகன் எழுதியது:

எர்ணாகுளத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன், அதனால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தோற்றவர் கருவியைக் குறை சொன்னார் என்றுதான் இப்போது எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் தேர்தலுக்கு முன்பே கருவி வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் போனவர் சிவன் பிள்ளைதான். நீதிமன்றம் தலையிடவில்லை. அதே கருவியில் அவர் ஜெயித்தார், பிறகு அதே கருவியைத் தற்காத்து வாதாட வேண்டி வந்தது.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

உண்மை முருகன். நம் ஊரிலும் இதே போல ஒன்று உண்டு. 2001 சட்டமன்றத் தேர்தலில்தான் தமிழ்நாடு முழுக்க 234 தொகுதியிலும் கருவி வந்தது. கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவையும் அப்போதுதான். தேர்தலுக்கு முன் அதிமுக இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது, மனு தள்ளுபடி ஆனது. மே மாதம் அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது. வழக்குப் போடுவது வெறும் தோல்விப் புலம்பல் இல்லை என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் வாக்கு எண்ணும் முன்பே கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

பரவூருக்குப் பிறகு என்ன நடந்தது என்பது முக்கியம். 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. 61ஏ என்ற புதுப் பிரிவு வந்தது, 1989 மார்ச் 15 முதல் அமல். ஆணையம் சொல்லும் தொகுதிகளில் இயந்திரத்தில் வாக்களிக்கலாம் என்பது அந்தப் பிரிவு. அதே திருத்தத்தில் 28ஏ என்று இன்னொரு பிரிவும் சேர்ந்தது. தேர்தல் வேலைக்கு வரும் அலுவலர்களும், அதற்காக அமர்த்தப்படும் போலீசாரும், அந்த நாட்களில் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பதாகவே கருதப்படுவார்கள், ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர்கள் என்கிறது அது.

டீச்சர், உங்கள் கேள்விக்குச் சட்டத்தில் உள்ள விடை இதுதான் என்று நினைக்கிறேன். கருவியை உள்ளே விட்ட அதே திருத்தச் சட்டம்தான், கல்வித்துறை ஆசிரியையையும் வாசலில் நின்ற போலீஸ்காரரையும் ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆணையத்துக்கு என்று சொந்தமாகப் பெரிய படை கிடையாது. ஆளும் கட்டடமும் வண்டியும் எல்லாம் கேட்டு வாங்குவதுதான்.

---

மின்சுற்று எழுதியது:

பெங்களூரில் மின்னணுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாக்கு இயந்திரப் பிரிவில் இருந்ததில்லை, ஆனால் அந்தப் பிரிவில் இருந்தவர்களோடு பழகியிருக்கிறேன். செய்பவர்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

செய்வது இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள். ஈசிஐஎல் அணுசக்தித் துறையின் கீழ் வருவது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. இதை நம் ஊரில் திருச்சி பெல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள், அது வேறு, கொதிகலன் செய்வது. எழுத்தாளர் சுஜாதா என்று நமக்குத் தெரிந்த ரங்கராஜன் வேலை பார்த்தது பாரத் எலெக்ட்ரானிக்ஸில்தான், வாக்கு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அணுசக்தி, பாதுகாப்பு என்று இரண்டு வேறு அமைச்சகங்களின் நிறுவனங்கள், இரண்டும் தனித்தனியாக வளர்த்த மின்சுற்று. ஆனால் வாக்காளர் கைக்கு ஒரே மாதிரிக் கருவிதான் போக வேண்டும். பெட்டியின் வடிவத்துக்கு ஐஐடி பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையம் வந்தது. படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தலாம், சிவப்பு விளக்கு எரியும், பீப் ஒலி கேட்கும். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் நோட்டாவையும் சேர்த்துப் பதினாறு இடம், அதற்கு மேல் போனால் இன்னொரு கருவியைக் கூடச் சேர்க்கலாம். மின்சாரம் இல்லாத ஊரிலும் ஓட வேண்டும் என்பதால் பேட்டரி.

சட்டம் வந்த பின்னும் உடனே இறக்கிவிடவில்லை. 1990இல் தினேஷ் கோஸ்வாமி தலைமையிலான தேர்தல் சீர்திருத்தக் குழு, முதலில் தொழில்நுட்ப வல்லுநர்கள் பார்க்கட்டும் என்றது. பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் பி.வி. இந்திரேசன் இருந்தார், அதற்கு முன் ஐஐடி மெட்ராஸின் இயக்குநராக இருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்தக் குழு ஒருமனதாகச் சரி என்றது. பிறகு 1992இல் தேர்தல் நடத்தும் விதிகள் திருத்தப்பட்டன. ஆனால் 1989–90இல் வாங்கிய ஒன்றரை லட்சம் கருவிகள் கிடங்கிலேயே கிடந்தன! 1998 நவம்பரில்தான் மத்தியப் பிரதேசத்தில் 5, ராஜஸ்தானில் 5, டெல்லியில் 6 என்று 16 தொகுதிகளில் எடுத்தார்கள். 2004இல் 543 மக்களவைத் தொகுதியிலும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள்.

யோசனைக்கும் முழு நாட்டுக்கும் நடுவே 27 வருடம். இதைத் தாமதம் என்று பலர் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டிலிருந்து பொத்தானுக்கு மாறுவதைப் பதினாறு தொகுதி, நான்கு மாநிலம், பிறகு நாடு என்று படிப்படியாகக் கொண்டு போனதால்தான் ஒவ்வொரு மாவட்டத்திலும் பழகிய ஆட்கள் உருவானார்கள்.

---

தென்காசி மாரி எழுதியது:

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணுசக்தித் துறை, பாதுகாப்பு அமைச்சகம், நாசிக் அச்சகம், சோதனைச் சான்று தரும் எஸ்டிக்யூசி என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. ஆனால் இவை அத்தனையும் மத்திய அரசின் கீழ்தானே? பத்துக் கை இருந்தாலும் உடம்பு ஒன்று என்றால், அதை எப்படிப் பல துறைகளின் ஒருவருக்கொருவர் மீதான கண்காணிப்பு என்று எடுத்துக்கொள்வது?

ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி இ.ஏ.எஸ். சர்மா 2024 ஜனவரியில் ஆணையத்துக்கே எழுதினார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுவில் ஆளும் கட்சியோடு தொடர்புள்ளவர்கள் இருக்கிறார்கள், அது சரியா என்பது அவர் கேள்வி. சாதாரண ஆள் கேட்ட கேள்வி இல்லை அது.

இன்னொன்று. முன்பு கருவிக்கு வேட்பாளர் யார் என்றே தெரியாது, ஒன்றாம் பொத்தான் இரண்டாம் பொத்தான் அவ்வளவுதான். விவிபேட், அதாவது போட்ட வாக்கைக் காகிதச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி, வந்த பிறகு சின்னங்களை அதற்குள் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதுவும் வேட்பாளர் பட்டியல் முடிவான பின். அந்தச் சின்னம் ஏற்றும் கருவியைக் கொண்டு வருபவர் யார்? அதே நிறுவனத்துப் பொறியாளர். எனக்கு யார் மீதும் குற்றம் சொல்லும் எண்ணம் இல்லை. சந்தேகம் தீரும் இடம் எது என்று தெரிய வேண்டும்.

---

தாலுகா எழுதியது:

மாரி அண்ணாச்சி, உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நான் வருவாய்த்துறையில் இருக்கிறேன், ஐந்து தேர்தல்களுக்குக் கருவிகளைக் கையாண்டவன். மாவட்டத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

கருவிகள் மாவட்டக் கிடங்கில் இருக்கும். தேர்தலுக்கு முன் முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கும். நிறுவனத்துப் பொறியாளர்கள் வருவார்கள், ஆனால் நடத்துபவர் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது ஆட்சியர். அவர் மாநில அரசு ஊழியர்களை வைத்து நடத்துகிறார். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் போகும். கட்சிக்காரர்கள் விரும்பும் கருவிகளைத் தேர்ந்தெடுத்து, நூற்றுக்கு ஐந்து கருவிகளில் 500 முதல் 1200 வாக்கு வரை போட்டுப் பார்க்கலாம். அது முடிந்த பிறகுதான் டீச்சர் சொன்ன அந்த இளஞ்சிவப்புத் தாளை ஒட்டுவது, அதில் கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போடுவது.

பிறகு இரண்டு முறை குலுக்கல், கணினியில். முதல் குலுக்கலில் எந்தக் கருவி எந்தச் சட்டமன்றத் தொகுதிக்கு, இரண்டாவதில் எந்தச் சாவடிக்கு. இரண்டாவது குலுக்கல் வேட்பாளர்கள் அல்லது அவர்கள் ஆட்கள் முன்னிலையில், வெளி மாநிலத்திலிருந்து வந்த பார்வையாளர் முன்னிலையில் நடக்கும். வரிசை எண் பட்டியலை அவர்களுக்கே கொடுத்துவிடுவோம். பெங்களூரிலோ ஐதராபாத்திலோ கருவி செய்தவருக்கு அது தென்காசியில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்று தெரிய வழியில்லை.

வாக்குப்பதிவு முடிந்ததும் பாதுகாப்பு அறை. இரட்டைப் பூட்டு, கதவுக்கு முத்திரை, உள்வட்டத்தில் மத்தியப் படை, வெளிவட்டத்தில் மாநிலப் போலீஸ். இங்கே உங்கள் ‘ஒரே உடம்பு’ வாதம் பொருந்தாது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் மாநில அரசும் மத்திய அரசும் வேறு வேறு கட்சியின் கையில் இருந்த எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டோம். அந்த அறை இரண்டு பேரின் காவலில்தான் இருந்தது.

ஆனால் ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல்நிலைச் சரிபார்ப்புக்குப் பல நாட்கள் கட்சிகளிலிருந்து ஆளே வருவதில்லை. அழைப்பு அனுப்பினோம் என்ற கோப்பு எங்களிடம் இருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். எல்லாத் துறையும் வந்து சேர்ந்திருக்கும் இடத்தில், யாருக்காக இதைச் செய்கிறோமோ அவர்கள் தரப்பு மட்டும் இருக்காது.

---

வைகைக்கரை எழுதியது:

தாலுகா சார், அந்தக் காலி நாற்காலியை நான் சாவடியிலும் பார்த்தேன். மாதிரி வாக்குப்பதிவுக்குக் காலை ஐந்தரைக்கே முகவர்கள் வர வேண்டும். ஒருவர்தான் வந்தார். பதினைந்து நிமிடம் காத்திருந்து, அவரை வைத்துக்கொண்டு ஐம்பது வாக்கு போட்டு, சீட்டையும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, அழித்து, முத்திரை வைத்தோம். மாலையில் 17சி படிவத்தில் மொத்த வாக்கை எழுதி, நகல் கொடுக்கும்போது மட்டும் நான்கு பேர் கை நீட்டினார்கள். அந்தப் படிவம் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்கே யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், நல்லதுதான்.

விவிபேட் பற்றி ஒன்று. அதை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், நேராக மேலே பல்பு இருக்கக் கூடாது என்று பயிற்சியில் பத்து முறை சொன்னார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

---

மின்சுற்று எழுதியது:

அதற்குக் காரணம் 2018 மே மாத இடைத்தேர்தல்கள், டீச்சர். உத்தரப் பிரதேசத்தில் கைரானா, மகாராஷ்டிரத்தில் பண்டாரா–கோண்டியா. நிறைய விவிபேட்கள் நின்றுபோய் மாற்ற வேண்டியிருந்தது. நேர் வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் உணர்கருவி குழம்பிவிடுகிறது என்று தெரிந்தது. காகிதச் சுருள் ஈரக்காற்றில் தொல்லை கொடுத்தது. அதன் பிறகு வடிவமைப்பையும் திருத்தினார்கள், பயிற்சிக் குறிப்பையும் திருத்தினார்கள். களத்தில் உள்ள ஆசிரியரின் புகார் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து திருத்தம் உங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட கூட்டுவேலை என்றால் எனக்கு இதுதான் உருப்படியான உதாரணம்.

அதற்கு முன் 2011 ஜூலையில் திருவனந்தபுரம், லே, சிரபுஞ்சி, ஜெய்சால்மர், கிழக்கு டெல்லி என்று ஐந்து விதமான தட்பவெப்பத்தில் சோதனை செய்துதான் கொண்டு வந்தார்கள். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாக உண்மையான தேர்தலில் வந்தது. அப்படியிருந்தும் களம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

விவிபேட் கதையில் பணத்துறை பற்றியும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபர் 8 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், காகிதச் சுவடு நியாயமான தேர்தலுக்கு இன்றியமையாதது, படிப்படியாகக் கொண்டு வாருங்கள், அரசு நிதி கொடுக்கட்டும் என்றது. நிதி வந்தது எப்போது? 2017 ஏப்ரலில். 16 லட்சத்து 15 ஆயிரம் கருவிகளுக்கு 3,173 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நடுவில் சட்ட அமைச்சகத்துக்கு ஆணையம் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்து, 2016இல் தலைமைத் தேர்தல் ஆணையர் நசீம் ஜைதி பிரதமருக்கே எழுதும் நிலை வந்தது. சுதந்திரமான அமைப்பு என்கிறோம், ஆனால் கருவி வாங்கும் பணத்துக்கு ஓர் அமைச்சகத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

அதைவிட வருத்தமானது டோட்டலைசர், அதாவது பல சாவடிக் கருவிகளின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவி. பழைய சீட்டு முறையில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் வழி இருந்தது. கருவி வந்ததும் சாவடி வாரியாக முடிவு வெளியே தெரிய ஆரம்பித்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஜெயித்தவருக்குத் தெரிந்துவிடும். குடிதண்ணீர்க் குழாய், ரோடு, நூறு நாள் வேலை என்று எல்லாவற்றிலும் அதைக் காட்ட முடியும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினான்கு சாவடிக் கருவிகளை இணைத்து மொத்தமாக மட்டும் முடிவு காட்டும் கருவி தயாராக இருக்கிறது. 2008இலேயே ஆணையம் விதியைத் திருத்தச் சொல்லிக் கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. செய்பவர் செய்துவிட்டார், நடத்துபவர் கேட்கிறார், விதியை எழுதுபவர் மட்டும் அசையவில்லை. பரவூரில் ஆணையம் சட்டத்தை முந்திக்கொண்டு ஓடியது. இங்கே சட்டம் நகர மறுக்கிறது. இரண்டிலும் அடிபடுவது வாக்காளர்தான்.

மாரி சார் கேட்ட சின்னம் ஏற்றும் கருவிக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு, சின்னம் ஏற்றிய பிறகு அந்தக் கருவியையும் முத்திரை வைத்து, முடிவு வந்து 45 நாள் வரை பாதுகாப்பு அறையில் வைக்கச் சொன்னது. இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால் நூற்றுக்கு ஐந்து கருவிகளின் நுண்சில்லைச் சரிபார்க்கலாம் என்றும் சொன்னது.

---

தென்காசி மாரி எழுதியது:

விளக்கமாக எழுதியதற்கு நன்றி வக்கீல் சார். ஆனால் அந்தச் சில்லைச் சரிபார்ப்பது யார்? கருவி செய்த நிறுவனத்தின் பொறியாளரே. என் தச்சன் செய்த கதவு கோணலா என்று அதே தச்சனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. ஒரு ஐஐடி, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் என்று வெளியிலிருந்து ஒருவர் உடன் உட்காரக் கூடாதா? துறைகள் சேர்ந்து செய்கின்றன என்று பெருமைப்படும் இடத்தில், சோதிக்கும் கையும் செய்யும் கையும் வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

தாலுகா தம்பி சொன்ன பாதுகாப்பு அறை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அது எனக்குத் தோன்றவில்லை.

---

டப்ளின் தமிழ் எழுதியது:

மாரி ஐயா சொல்வதற்கு இங்கே அயர்லாந்தில் நடந்தது சாட்சி. அரசு டச்சு நிறுவனக் கருவிகளை வாங்கி 2002இல் மூன்று தொகுதிகளில் சோதித்தது. நாடு முழுக்கக் கொண்டு போக எல்லாம் தயார். கடைசியில் எதிர்ப்பு வந்து தனி ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். 2004இல் அந்த ஆணையம், இதன் துல்லியத்துக்கும் ரகசியத்துக்கும் போதுமான நிரூபணம் இல்லை, பரிந்துரைக்க முடியாது என்றுவிட்டது. 5 கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்த கருவிகள் வருடக்கணக்கில் வாடகைக் கிடங்கில் கிடந்து, 2012இல் பழைய இரும்பு விலைக்குச் சுமார் 70 ஆயிரம் யூரோவுக்குப் போயின. சரிபார்க்கும் ஆணையத்தை வாங்குவதற்கு முன் அமைத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். இங்கே இப்போதும் பென்சிலும் சீட்டும்தான், எண்ணி முடிக்கச் சில நாள் ஆகிறது.

---

நெல்லித்தோப்பு வாசி எழுதியது:

எங்கள் ஊர்ப் பெயர் இந்த வரலாற்றில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தல், முதல்வர் நாராயணசாமி நின்றது. ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டை மின்னணு வழியாக அனுப்பும் முறை முதலில் இங்கேதான் நடந்தது. முன்பு சீட்டு தபாலில் எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும். இப்போது மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சீ-டாக் செய்த மென்பொருளில் சீட்டு கணினி வழியே போகும், வீரர் அச்செடுத்து, குறியிட்டு, உறையில் வைத்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். ஆணையம், பாதுகாப்பு அமைச்சகத்தின் பதிவு அலுவலகங்கள், தபால் துறை, சட்ட அமைச்சகத்தின் விதித் திருத்தம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு உறை திரும்பி வரும். விதியை அதே வருடம் அக்டோபரிலேயே திருத்திவிட்டுத்தான் நவம்பரில் செய்தார்கள். பரவூர்ப் பாடத்தை மறக்கவில்லை.

---

தாலுகா எழுதியது:

உள்ளாட்சித் தேர்தல் பற்றி யாரும் பேசவில்லையே. அதை நடத்துவது வேறு அமைப்பு, மாநிலத் தேர்தல் ஆணையம். 2022 நகர்ப்புறத் தேர்தலில் கருவி இருந்தது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் சீட்டுதான், ஏனென்றால் ஒருவருக்கு நான்கு வாக்கு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். கேரளத்தில் மூன்று வாக்குக்கு ஏற்ற பல பதவிக் கருவி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆணையங்களும் ஒரே கலெக்டரை, ஒரே ஆசிரியர்களை, ஒரே தாசில்தாரைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் கருவியும் விதியும் பயிற்சிப் புத்தகமும் தனித்தனி. சாவடியில் உட்காரும் எங்களுக்கு இது பெரிய சிரமம்.

மாரி அண்ணாச்சி, உங்கள் தச்சன் உவமைக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமாகப்படுகிறது. ஆனால் முதல்நிலைச் சரிபார்ப்புக்கு உங்கள் ஊரிலிருந்து யாராவது வரலாமே? அங்கீகரிக்கப்பட்ட கட்சி எழுதிக்கொடுத்தால் போதும். போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே உட்கார வேண்டும், நாள் முழுக்க ஆகும்.

---

தென்காசி மாரி எழுதியது:

இதைப் படித்த பிறகு எங்கள் ஒன்றியச் செயலாளரிடம் பேசினேன். போன தடவை கடிதம் வந்ததே அவருக்கு நினைவில்லை, கட்சி அலுவலக மேசையில் தேடி எடுத்துக் காட்டினார், பிரிக்காத உறை. அடுத்த முறை என் பெயரை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆயிரத்து இருநூறு வாக்கும் நானே அழுத்துகிறேன்.

டீச்சர், 17சி நகலில் என்னென்ன பத்திகள் இருக்கும் என்று முடிந்தால் இங்கே எழுதுங்கள். எங்கள் சாவடி முகவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

எழுதுகிறேன் ஐயா, நாளை பள்ளி விட்டதும். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, விவிபேட் மூன்றின் வரிசை எண், 17ஏ பதிவேட்டின்படி வந்தவர்கள், வாக்களிக்காமல் திரும்பியவர்கள், கருவி காட்டிய மொத்தம், இவை முக்கியம். வரிசை எண்ணைத் தாலுகா சார் சொன்ன இரண்டாம் குலுக்கல் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், அதை உங்கள் முகவர் பையில் வைத்துக்கொண்டு வரட்டும். காலை ஐந்தரைக்கே.